ஃபஹாஹீலில் லேமினேட் ஆன பேஸ்பால்காரர்

பழைய பேஸ்பால் அட்டைக்காக யாராவது குவைத் போவார்களா என்று கேட்காதீர்கள். நான் போனேன், 2007 பிப்ரவரியில். ஷார்ஜாவில் கணக்கு எழுதுகிற மதுரைக்காரன் நான். அடித்தவன் மட்டையைப் போட்டுவிட்டு ஏன் ஓடுகிறான் என்பதுகூட எனக்கு இன்னும் புரியவில்லை. ஆனால் நூறு வருடத்துக்கு முன் சிகரெட் பெட்டிக்குள் வைத்துத் தந்த, அந்தக் கால நட்சத்திர ஆட்டக்காரர்களின் வண்ண அட்டைகள் என்றால் பைத்தியம். துபாயைக் காலி செய்த ஓர் அமெரிக்கக் குடும்பம் விற்ற சாமான்களோடு ஒரு டப்பா வந்தது, அதோடு இந்தப் பித்தும் வந்தது.

குவைத்தில் ஃபர்வானியாவில் இருக்கும் என் நண்பன், தனக்குத் தெரிந்த அருளப்பன் என்பவரின் அறையில் எடுத்த போட்டோவை மெயிலில் அனுப்பியிருந்தான். மாதா படத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அட்டை. மூன்று வருடமாக நான் தேடும் முகம். தூக்கம் போச்சு.

வெள்ளிக்கிழமை காலை குவைத்தில் இறங்கினேன். டாக்ஸியில் ஃபஹாஹீல் சுமார் 35 கிலோமீட்டர், ஆறு தினார் கேட்ட பாகிஸ்தானி டிரைவர் ஐந்துக்கு இறங்கினார். "பாய், அங்கே என்ன வேலை?" என்று ஹிந்தியில் கேட்டார். சிகரெட் பெட்டியில் வந்த படம் பார்க்க என்றேன். அவர் ரேடியோ சத்தத்தைக் கூட்டிக்கொண்டார்.

அருளப்பன் குளச்சல் பக்கத்துக்காரர், வெல்டர், வயது ஐம்பது இருக்கும். வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்து அப்போதுதான் ரூமுக்கு வந்திருந்தார். அட்டையைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்தேன். நன்றாக, கெட்டியாக லேமினேட் செய்திருந்தார். என் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டுக்கு என் அப்பா செய்ததும் இதேதான், குறை சொல்ல முடியாது. ஆனால் காகிதத்தைத் தொட்டுப் பார்க்காமல் அசலா நகலா என்று எப்படிச் சொல்வது? பெயர் அச்சாகியிருக்கும் அடிப்பகுதி வேறு கிழிந்திருந்தது.

"எங்க பழைய சூப்பர்வைசருக்க அப்பாவாக்கும்" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகுதான் விளக்கினார். அமெரிக்கக்காரரான அந்த சூப்பர்வைசர் வேலையை விட்டுப் போகும்போது, கண் கலங்க இந்த அட்டையை இவர் கையில் கொடுத்து, பெரிய மனுஷன் என்று மட்டும் சொன்னாராம். அருளப்பன் ஊரில் ஒருவர் இறந்தால் முப்பதாம் நாள் படம் போட்டு இதே மாதிரி சின்ன நினைவு அட்டை தருவார்கள். இதுவும் சூப்பர்வைசருடைய அப்பாவின் நினைவு அட்டை என்றே எடுத்துக்கொண்டு, ஆறு வருடமாக அந்த ஆத்துமாவுக்காக ஜெபித்து வருகிறார்.

"பின்னால சிகரெட் விளம்பரம் இருக்கே அண்ணே?"

"சிகரெட் குடிச்சுச் செத்திருப்பாருன்னு நெனச்சேன் தம்பி."

சிரிக்கவும் முடியவில்லை. வாயை மூடிக்கொண்டால் அட்டை கிடைக்காது, திறந்தால் இவருடைய ஆறு வருடம் என்னாவது? இது அவர் அப்பா இல்லை, அந்தக் காலத்து ஆட்டக்காரர் என்று சொல்லிவிட்டேன். அட்டைக்காகச் சொன்னேனா, உண்மைக்காகச் சொன்னேனா என்று இன்றுவரை தெரியவில்லை.

அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், "அப்போ சாருக்க அப்பா உயிரோட இருக்காரா?" என்று கேட்டார்.

"தெரியலண்ணே."

"செத்திருந்தா அவருக்கு யாரும் வேண்டலியே" என்றார். எனக்குப் பாவமாக இருந்தது. அட்டையை என் பக்கம் தள்ளினார். "கொண்டு போங்க. எனக்கு எதுவும் வேண்டாம்." வாங்கிக்கொண்டேன்.

போகிறவர்களுக்கு: உங்கள் ஷார்ஜா, துபாய் விசாவில் குறித்திருக்கும் வேலை அவர்கள் பட்டியலில் இருந்தால்தான் குவைத்தில் இறங்கியதும் விசா தருகிறார்கள், முன்பே விசாரியுங்கள். திரும்பும்போது டாக்ஸி வேண்டாம், குவைத் நகருக்குள் போக பஸ்ஸில் 250 ஃபில்ஸ், அதாவது கால் தினார்தான். லேமினேட் செய்த அட்டையை யார் தந்தாலும் வாங்காதீர்கள். பிரித்தால் கிழியும், பிரிக்காவிட்டால் சேகரிப்பவர் எவரும் சீந்த மாட்டார். ஆட்டக்காரர் பெயரை இங்கே எழுதவில்லை, விலை கேட்டு மெயில் போட்டு உயிரை வாங்குவீர்கள்.

இத்தனை தெரிந்தும் நான் வாங்கினேன், திருப்பிக் கொடுக்கவும் இல்லை. கிளம்பும்போது அருளப்பன் வாசல் வரை வந்து, "தம்பி, இவருக்க பேரு என்னது?" என்று கேட்டார்.

"எதுக்குண்ணே?"

"இவ்வளவு நாள் வேண்டியாச்சு. படம் போச்சுன்னு விட முடியுமா?"

சொன்னேன். அந்த வெள்ளைக்காரப் பெயர் வாயில் நுழையாமல் இரண்டு முறை திருப்பிக் கேட்டு, சரியாக வரும்வரை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.