ஏரியல் பிடித்தவள்

வெளிநாட்டில், மான்மவுத் ஜங்ஷன் என்ற ஊரில், என் மகன் வீட்டுக் கராஜை ஒழுங்குபடுத்துகையில், ஒரு பழைய செம்புக் கம்பிச் சுருளைத் தொட்ட விரல்களில் ஏறிய களிம்பு வாசனை, இன்று இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டுவிட்ட எங்கள் திண்டுக்கல் மில் குவார்ட்டர்ஸுக்கு என்னைக் கொண்டுபோய் நிறுத்தியது.

சினிமாவைச் சாராமல், தாமே பாட்டெழுதித் தாமே கிட்டார் வாசித்த மெட்ராஸ் இளைஞர் குழு ஒன்று ஞாயிறு மதியங்களில் வானொலியில் பாடும்; எங்கள் ஊர்வரை அது தெளிவாக எட்டாது என்பதால், என் அக்கா சரோஜா கொதிக்கும் மொட்டை மாடியில் வானொலியின் ஏரியலான செம்புக் கம்பியைக் கையால் உயர்த்திப் பிடித்து நிற்பாள்; அவள் கை தாழ்ந்தால் பாட்டு இரைச்சலில் மூழ்கிவிடும்; நானோ கீழே பெட்டியோடு காதை ஒட்டிக்கொண்டு, இப்பாட்டுகளை ஊரில் அறிந்தவன் நான் ஒருவனே என்ற பெருமிதத்தில் திளைத்திருப்பேன்.

"கேக்குதாடா?" என்று கத்துவாள்.

"கேக்குது, ஆடாம நில்லு!"

ஒரு வாரமேனும் இடம் மாறிக்கொள்ளலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

அக்குழுவின் பாட்டொன்று, கராஜை ஒழுங்குபடுத்திய அன்று மாலை, இணையத்தில் அகப்பட்டது. இதே நாட்டின் மறுகோடியில், சான் ரமோனில் தன் மகளோடிருக்கும் அக்காவைத் தொலைபேசியில் அழைத்தேன்.

"அந்த மெட்ராஸ் பாட்டு கிடைச்சிருச்சுக்கா. ஞாபகம் இருக்கா?"

"நான் எங்கடா கேட்டேன்? மாடியில வெயில் காஞ்சுக்கிட்டுல்ல நின்னேன்" என்று சிரித்தாள்.

என்னால் சிரிக்க இயலவில்லை. பாட்டைப் போட்டேன்.

முடிந்ததும், "இதுக்கா என்னைய அந்தப் பாடு படுத்துன?" என்றாள். பிறகு மெதுவாக, "இன்னொரு தடவ போடுடா" என்றாள்.