நனையாத மூலை

பம்பு கடையில் பைப் பொருத்தும் வேலைக்கு அவள் சேர்ந்தபோது எங்களில் சிலர் முணுமுணுத்தோம். ஆறே மாதத்தில் வாயை மூடிக்கொண்டோம். பழுதான தெளிப்பானைக் காதருகே வைத்துக் குலுக்கியே கோளாறைச் சொல்லிவிடுவாள். தெளிப்பானின் மூக்குக்கு நாசில் என்று பெயர்; எங்களுக்கு அவள் ‘நாசில் அக்கா’.

அவள் கணவர் கூலிக்குப் பூச்சிமருந்து அடிப்பவர். பதினாறு லிட்டர் டேங்கை முதுகில் மாட்டிக்கொண்டு வயல் வயலாக நடந்ததில் மருந்து உடம்பில் ஏறி, கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. சாப்பாடு வாய்க்குப் போவதற்குள் பாதி சிந்தும். “தரைக்கும் பசிக்கும்ல?” என்று சிரிப்பார். அவள் சிரிக்க மாட்டாள்.

இனி மருந்துப் பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். வேறு வேலை தெரியாதே என்று இவர் இடிந்துபோய் உட்கார்ந்தார். அப்போதுதான் அக்காவுக்கு அந்த யோசனை வந்தது. தண்ணீர் பாய்ச்சும் தெளிப்பானே மருந்தையும் தெளித்தால் யாரும் வயலுக்குள் இறங்க வேண்டாம். வெளியே நின்று ஒரு வால்வைத் திருகினால் போதும். அதைத் திருகுவது அவர் வேலை.

ஒன்றரை வருடம் அதே நினைப்பாக இருந்தாள். ஒரே தண்டில் தண்ணீருக்குப் பெரிய துளை, மருந்துக்குப் பொடித்துளை. மருந்து திரும்பிக் கிணற்றில் கலக்காதபடி ஒருவழி வால்வு.

ஒரு தக்காளித் தோட்டக்காரர் சோதித்துப் பார்க்க அரை ஏக்கர் கொடுத்தார். நாற்காலியில் உட்கார்ந்தபடி கணவரே வால்வைத் திருகினார். பனிபோல மருந்து இறங்கியது. “ஏய், நான் இப்ப ஆபீசர்!” என்று கத்தினார். ஆனால் தெளிப்பான் வட்டமாகச் சுற்றுவது, நிலமோ சதுரம். வேலியோரம் ஒரு மூலை நனையவில்லை.

“கால்வட்டம் சுத்துற மாதிரி ஒண்ணு செஞ்சு அடுத்த வாரம் வைக்கிறேன். அதுவரைக்கும் யாரும் அங்க கை வைக்காதீங்க” என்று இருவரிடமும் சொன்னாள்.

இரண்டே நாளில் அந்த மூலையில் புழு விழுந்தது. அவள் கடையில் இருந்த நேரம், தோட்டக்காரர் கணவருக்குப் போன் செய்தார். “ஒரே ஒரு டேங்க்தாங்க.” உச்சிவெயில். எதிர்க்காற்று. பழைய டேங்கை மாட்டிக்கொண்டு போனவர் அந்த மூலையிலேயே சுருண்டு விழுந்தார்.

ஆஸ்பத்திரியில் அவள் கேட்டாள்: “ஏங்க போனீங்க? படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!”

அவருக்கு நாக்கு குழறியது. “உன் மெஷின் சரியில்லன்னு அவர் சொல்லிட்டா... பத்து நிமிஷ வேலைதானேன்னு...”

மூன்றாம் நாள் போய்விட்டார். அவள் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை.

ஒரு மாதம் கழித்து வேலைக்கு வந்தவள், முதல் வேலையாகக் கால்வட்டத் தெளிப்பானைச் செய்து முடித்தாள். அதைத் தக்காளித் தோட்டத்தில் பொருத்தப் போனபோது பைப் தூக்க நானும் கூடப் போனேன். மோட்டாரைப் போட்டதும் வேலிக்கு வேலி திரும்பி அது மூலை முழுவதையும் நனைத்தது.

தோட்டக்காரர் கைகூப்பினார். “என்னை மன்னிச்சிடும்மா.”

“உங்களைச் சொல்லி என்னங்க ஆகப்போகுது? வட்டம் மூலைக்கு எட்டாதுன்னு எனக்கு முதல்லயே தெரியும். அவரை அந்த நாற்காலியில உக்கார வச்சுப் பாக்கணும்னு நான்தான் அவசரப்பட்டுட்டேன்.”

சொல்லி முடிப்பதற்குள் உடைந்து வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். அத்தனை நாள் அடக்கியதெல்லாம் வாய்விட்டு வந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் நான் மோட்டாரை நிறுத்தப் போனேன்.

“வேணாம், தம்பி. ஓடட்டும்” என்றாள்.