சித்தப்பா மேல் போட்ட குற்றம்

பெரியவர்கள் சத்தியம் செய்துவிட்டும் பொய் சொல்வார்கள் என்று நான் முதன்முதலில் கண்டது இரத்தினபுரி கோர்ட்டில். சொன்னது என் சித்தி. எனக்கு ஒன்பது வயது. வாய் மட்டும் வயதுக்கு மீறி நீளம்.

சித்திக்கும் சித்தப்பாவுக்கும் ஒத்துவரவில்லை. இரண்டு வருடம் முன்பே சித்தி அவரை விட்டு, தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டுக்கு வந்துவிட்டாள். கேகாலையில் ரப்பர் பால் வெட்டும் ஒருவர் அவளைக் கட்டிக்கொள்ளக் காத்திருந்தார். அது தெரிந்தேதான் சித்தப்பா விவாகரத்துக்குச் சம்மதித்தார்.

றக்வானையிலிருந்து மூவரும் ஒரே பஸ்ஸில் போனோம். பள்ளிக்கூடம் லீவு என்பதால் என்னைத் துணைக்கு அனுப்பியிருந்தார்கள். வழியெல்லாம் சித்தப்பா சித்திக்குப் பாடம் நடத்தினார்.

"நான்தான் ஒன்ன விட்டுட்டுப் போனேன்னு சொல்லு. தடுமாறாத."

"சித்திதானே எங்க வீட்டுக்கு வந்துச்சு?" என்றேன்.

"ரெண்டு பேருக்கும் சம்மதம்னு சொன்னா கோட்டுல பிரிச்சு விடமாட்டாங்க பாப்பா. ஒருத்தர் மேல குத்தம் இருக்கணும். அது எம்மேலயே இருக்கட்டும். அவ பேரு கெடக்கூடாது."

அவரும் உள்ளே வந்தால் அவரையும் விசாரித்து வழக்கு இழுபடுமாம். வராவிட்டால் சித்தி சொல்வதை மட்டும் கேட்டு முடித்துவிடுவார்களாம். அதனால் கோர்ட்டுக்கு எதிரே தேநீர்க் கடையில் சித்தியின் குடையையும் எங்கள் சோற்றுப் பொட்டலத்தையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

சித்தி கூண்டில் ஏறினாள். நீதிபதி சிங்களத்தில் கேட்டதை ஒருவர் தமிழில் சொன்னார். புருஷன் விட்டுப் போன பிறகு வந்து பார்த்தாரா?

"எட்டிக்கூடப் பாக்கலைங்க ஐயா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. காலையில் பஸ்ஸில் அவளுக்கு ஜன்னல் சீட் பிடித்துக் கொடுத்த மனுஷனையா இப்படிச் சொல்கிறாள்? பொறுக்க முடியாமல் எழுந்தேன்.

"பொய்! சித்தப்பா எதிர்க் கடையிலதான் இருக்காரு. அவருதான் எங்கள கூட்டியாந்தாரு!"

மண்டபமே திரும்பிப் பார்த்தது. எங்கள் வக்கீல் தலையில் கைவைத்துக்கொண்டார். நீதிபதி சித்தியையே பார்த்தபடி இருந்தார். அவள் கூண்டுக் கட்டையை இறுக்கிப் பிடித்தாள்.

"ஆமாங்க ஐயா. நான்தான் விட்டுட்டு வந்தேன். அவரு மேல ஒரு குத்தமும் இல்லைங்க."

பேசி வைத்துக்கொண்டு போட்ட வழக்கு என்று நீதிபதி அங்கேயே தள்ளுபடி செய்தார்.

சித்தப்பா என்னைத் திட்டவில்லை. திரும்பும் பஸ்ஸில் சித்தியிடம் மட்டும், "ஏன் சொன்ன? நானே சொமந்திருப்பேனே," என்றார். "நீங்க சொமந்தது போதும்," என்று சித்தி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

அடுத்த வருடம் வழக்குப் போட்டது சித்தப்பா, குற்றம் சித்தி மேல். கேகாலைக்காரரின் பெயரோடு சித்தியின் பெயர் கோர்ட்டில் எல்லோர் காதிலும் விழ வாசிக்கப்பட்டது. அவள் கோர்ட்டுக்குப் போகவுமில்லை, மறுக்கவுமில்லை, விவாகரத்து கிடைத்தது. அதற்குப் பிறகு கேகாலைக்குப் போனவள் எங்கள் தோட்டத்துப் பக்கம் திரும்பி வரவே இல்லை. அதை அவளுக்குச் செய்து வைத்தது யார் என்று எனக்கு விளங்கப் பல வருடங்கள் பிடித்தன. அன்று பஸ்ஸில், இரண்டு பேரும் பேசிக்கொள்கிறார்களே, சேர்த்து வைத்தது நான்தான் என்ற பெருமையில், அவர்கள் நடுவில் உட்கார்ந்து மூவரின் சோற்றையும் நான் ஒருத்தியே தின்று தீர்த்தேன்.