மாமி இருக்கிற ஊர்

மருத்துவத்துக்கு மகளின் புள்ளிகள் போதாமல் போகலாம் என்று பள்ளியில் சொல்லியிருந்தார்கள். கைகாவலாக இன்னும் இரண்டு பல்கலைக்கழகங்களைத் தெரிவு செய்ய, வேலை முடிந்த களைப்போடு மனைவியும் நானும் அவளோடு உட்கார்ந்தோம். ஜெர்மனியிலேயே மாமி இருக்கும் பிராங்பேர்ட் நகரையும் சித்தப்பா இருக்கும் கேள்ன் நகரையும் சொன்னோம்.

“அங்கயும் மருத்துவம்தானே அப்பா? அங்கயும் எனக்குக் கிடையாது.”

“மாமி இருக்கிறா, பிள்ளை,” என்றாள் மனைவி.

“மாமி சோறு போடுவா. யூனிவேசிற்றியில இடமும் போடுவாவோ?”

விரலுக்குத் தக்க வீக்கம் என்பார்கள். விரலை மீறி வீங்கி வீங்கியே நாங்கள் களைத்துப் போயிருந்தோம். அவள் ஒரு சின்ன நகரத்தின் பெயரைச் சொன்னாள். அங்கே உயிரியல் படிக்க அவளுடைய புள்ளிகளே போதுமாம்.

“அங்க எங்கட ஆக்கள் ஆர் இருக்கினம்?” என்று கேட்டேன்.

“நான் இருப்பன்.”

“சரி, அதையும் எழுது,” என்றேன்.