வெற்றுக் கூட்டில் வந்த மருந்து

ஏலக்காய்த் தோட்டத்தில் காயெடுக்கக் குனிந்தபோதுதான் இடது மார்பில் அந்தக் கட்டி தட்டுப்பட்டது. மதுரையில் சதைச் சோதனை செய்து புற்றுநோய் என்றார்கள். முதலில் கொடுத்த மருந்துக்கு அது அசைந்து கொடுக்கவில்லை.

பிறகு டாக்டரம்மா, இன்னும் ஆய்வில் இருக்கும் ஒரு மருந்தைப் பற்றிச் சொன்னார். வைரஸின் உள்ளிருப்பதை நீக்கிவிட்டு, மேலோட்டுக்குள் மருந்தை வைத்து அனுப்புவார்களாம். அது கட்டிக்குப் போய் மருந்தை இறக்கும்.

"உள்ள விதையே இல்லாத பொக்குக் காய்னு வச்சுக்கங்க. அது முளைக்காது, யாருக்கும் பரவாது" என்றார். ஏலக்காயோடு வளர்ந்த போடிக்காரிக்கு இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்? நானே யோசித்துக் கையெழுத்துப் போட்டேன்.

என் கணவர் பக்கத்தில்தான் இருந்தார். 'வைரஸ்' என்றதோடு அவர் கேட்பதை நிறுத்திவிட்டார். எங்கள் மலையில் வைரஸ் என்றால் கட்டே நோய் (இலையில் வெளிர்கோடு விழுந்து ஏலச்செடி குன்றிப்போகும் நோய்). கண்ட செடியை வேரோடு பிடுங்கி எரித்துவிடுவோம்.

முதல் ஊசி போட்டு வந்ததும் சொன்னார்: "நீ மலைக்கு வர வேணாம் வசந்தா. ஈரக்காத்து ஆகாதுன்னு டாக்டரம்மா எங்கிட்டத் தனியாச் சொன்னாக."

நம்பினேன். ஐந்து மாதம் ஜன்னலில் நின்று, மலைக்கு ஜீப்பு ஏறும் பெண்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாந்தியையும் காய்ச்சலையும் தாங்கினேன். என் உடம்பு இனி மலைக்கு லாயக்கில்லை என்ற நினைப்புதான் என்னைப் படுக்கையில் தள்ளியது.

ஐந்தாம் மாத ஸ்கேனில் கட்டி பாதியாகச் சுருங்கியிருந்தது. "இனியாவது மலைக்குப் போகலாமா?" என்று கேட்டேன்.

டாக்டரம்மா விழித்தார். "போகக்கூடாதுன்னு நான் எப்பம்மா சொன்னேன்?"

பக்கத்திலிருந்த என் கணவர் தரையைப் பார்த்தார். ஊர் திரும்பும் பஸ்சு உசிலம்பட்டி தாண்டியதும்தான் வாய் திறந்தார். "ஒங்கையால செடிக்குத் தொத்திக்கிருமோன்னு பயந்துட்டேன். நமக்கு இருக்கறதே அந்த ரெண்டு ஏக்கருதான."

"இதே கையாலதான ஒங்களுக்குச் சோறு போட்டேன்? அதுக்குப் பயமில்லையா?"



இந்த மருந்தை எடுப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். டாக்டர் சொன்னதாக வீட்டில் யார் எதைச் சொன்னாலும், டாக்டரிடமே ஒருமுறை கேட்டுவிடுங்கள். என் கட்டி சுருங்கிவிட்டது. இந்த ஆத்திரம் சுருங்கவில்லை.

மறுநாளே ஜீப்பு ஏறினேன். வேண்டுமென்றே ஒவ்வொரு செடியையும் வெறுங்கையால் தொட்டேன். இருந்தாலும், எதையும் தொடும்முன் என் கையை நானே ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன். அந்தப் பழக்கம் அவர் கொடுத்தது. பருவத்துக்குப் பருவம் நாளை எண்ணியவள், இப்போது ஸ்கேனுக்கு ஸ்கேன் எண்ணுகிறேன்.

அவர் தினமும் நான் தொட்ட செடிகளின் குருத்தை விரித்துப் பார்க்கிறார். நேற்று நிமிர்ந்து, "இலையெல்லாம் நல்லாருக்கு" என்றார், அத்தனை நிம்மதியாக. அந்த ஐந்து மாதத்தில் என் முகத்தைப் பார்த்து அவர் ஒருமுறைகூட அப்படிச் சொன்னதில்லை.