வரவேற்பு மேஜையில் என் ஆங்கிலம்

எங்கள் கிளினிக்கில் போன் வந்தால் முதல் ரிங்கிலேயே எடுக்க வேண்டும் என்பது டாக்டரின் கட்டளை. நான் நாலாவது ரிங் வரை விடுவேன். அதற்குள் மனதில் ஒரு ஆங்கில வாக்கியத்தைக் கட்டி முடிக்க வேண்டியிருக்கும்.

காக்ஸ் டவுனில் இருக்கும் சின்ன பிசியோதெரபி கிளினிக் அது. பதினோரு வருடம் அதன் உள்ளறையில்தான் எனக்கு வேலை. ஒத்தடப் பைகளை வெந்நீர்த் தொட்டியிலிருந்து எடுத்துத் துண்டில் சுற்றுவேன், விரிப்புகளை மாற்றுவேன். நோயாளிகள் காலைத் தூக்கி இறக்கும்போது பக்கத்தில் நின்று ஒன், டூ, த்ரீ என்று பத்துவரை எண்ணுவேன். எண்ணும் அளவுக்கு ஆங்கிலம் எனக்குப் போதுமானதாக இருந்தது. இதே ஊரில், நீலசந்திராவில், தமிழ் மீடியத்தில் பத்தாவது வரை படித்தவள் நான்.

முன்னால் போன் பார்த்த பெண் கல்யாணமாகி மைசூர் போய்விட்டதால், மூன்று மாதம் பார்க்கலாம் என்று டாக்டர் என்னை வரவேற்பு மேஜையில் உட்கார வைத்தார். உட்கார வைத்தார் என்பதுதான் முக்கியம். முட்டி வலிக்கு வைத்தியம் பார்க்கும் இடத்தில் நாள் முழுக்க நின்று நின்று என் முட்டி தேய்ந்துகொண்டிருந்தது. அந்த நாற்காலி எனக்கே வேண்டும் என்று முதல் நாளே ஆசை வந்துவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை. எதையும் கேட்டு வாங்கிப் பழக்கமில்லை எனக்கு.

அந்த சமயத்தில்தான் அந்த அம்மா வரத் தொடங்கினார். முட்டியில் அறுவை சிகிச்சை முடிந்து, வாரம் மூன்று நாள் பயிற்சி. குட்டையாக வெட்டிய முடி, கஞ்சி போட்ட காட்டன் புடவை, கையில் ஊன்றுகோல். அவருடைய நோயாளி அட்டையில் இருந்த பெயரை வைத்து கோவாக்காரர் என்று முடிவு செய்துகொண்டேன். அவர் காத்திருக்கும் நாற்காலி என் மேஜைக்கு நேர் எதிரே. நான் போனில், "யூ கம் டுமாரோ மார்னிங் ஒன்லி," என்று சொன்னால், சோற்றில் கல் கடித்ததுபோல அவர் முகம் சுருங்கும். போனை வைத்ததும், அந்த 'ஒன்லி' எதற்கு என்று மெல்ல ஆங்கிலத்தில் கேட்பார். நான் 'எஸ் மேடம்' என்பேன். அடுத்த போனில் அது மறுபடியும் தானாக வந்து விழும். ஒருநாள் வயதான நோயாளி ஒருவரிடம், அவருடைய அரை மணி நேரம் முடிந்தது என்று சொல்ல நினைத்து, "யுவர் டைம் இஸ் ஓவர், சார்," என்றேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். இந்த அம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

அன்று மாலை டாக்டர் கூப்பிட்டார். பாதிக் கன்னடம், பாதி ஆங்கிலத்தில்தான் அவர் என்னிடம் பேசுவார். போனில் பேசும் ஆங்கிலம் சரியில்லை என்று ஒரு நோயாளி சொன்னதாகவும், மாதம் முடிந்ததும் வேறு பெண்ணைப் போடப்போவதாகவும், உள்ளே என் பழைய வேலை இருக்கவே இருக்கிறது என்றும் சொன்னார். யார் சொன்னது என்று நான் கேட்க வேண்டியிருக்கவில்லை.

அதன்பிறகு தப்பு வரக் கூடாது என்று பேச்சையே குறைத்தேன். எஸ், நோ, கம். பழைய அட்டைகளின் பின்பக்கம் வாக்கியங்களை எழுதிவைத்துப் பார்த்துப் படித்தேன். நான் தேடி எடுப்பதற்குள் எதிர்முனையில் இரண்டு தடவை ஹலோ சொல்லிவிட்டு வைத்துவிடுவார்கள். தப்பு குறைந்தது உண்மைதான். புதிதாக வருகிறவர்களும் குறைந்தார்கள்.

ஒரு மழை மத்தியானம். பயிற்சி கொடுப்பவர் அடுத்த அறையில் இன்னொருவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரைக்குப் பின்னால் அந்த அம்மா தனியாக முட்டியை மடக்கிக்கொண்டிருந்தார். பத்து முறை மடக்க வேண்டும். வலி தாங்காமல் வாய்விட்டு எண்ணுவது என் மேஜை வரை கேட்டது.

"ஆறு... ஏழு... அம்மாடி... ஏழு..."

ஆறு வாரமாக நாங்கள் இரண்டு பேரும் ஆங்கிலத்தில் அவதிப்பட்டுக்கொண்டிருந்தோம். நாலைந்து மொழி புழங்கும் எங்கள் ஊரில் இது நடப்பதுதான். தெரியாதவரிடம் எந்த மொழியில் பேசுவது என்று புரியாமல் ஆங்கிலத்தில் ஆரம்பிப்போம். ஆரம்பித்த மொழியை அதன்பிறகு மாற்றக் கூச்சமாகிவிடும், வருடக் கணக்கில் அப்படியே போகும்.

எழுந்து உள்ளே போனேன். பழக்கப்பட்ட இடத்தில், கட்டிலின் வலது பக்கம் நின்றேன்.

"ஏழு ஆச்சு மேடம். எட்டு."

கண்ணைத் திறந்து என்னையே பார்த்தார். பிறகு மடக்கினார். பத்து முடிந்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நீங்க தமிழா? நான் கன்னடம்னுல்ல நினைச்சேன். கேட்டாண்ட ஆட்டோக்காரன்கிட்ட எல்லாம் கன்னடத்துல சண்டை போடுறீங்க."

"சண்டை இல்ல மேடம். வழியில நிறுத்தாதன்னு சொல்றது."

அவருக்குச் சிரிப்பு வந்தது. "எங்க வீட்டுல தமிழ்தான். ஆனா என் தமிழ் நல்லா இருக்காது. மருமகன் சேலத்துக்காரர். நான் வாயைத் தொறந்தா அவருக்குச் சிரிப்புதான். அதனால அவர் வந்தா நான் இங்கிலீஷுக்குப் போயிடுவேன்."

ஊன்றுகோலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு அவரே சொன்னார்.

"டாக்டர்கிட்ட நான்தான் சொன்னேன். முப்பது வருஷம் ஆபீஸ்ல லெட்டர் டைப் பண்ணேன்மா. ஒரு தப்பு இருந்தா மேனேஜர் அதைக் கிழிச்சு என் மேஜை மேலயே போடுவார். இன்னிக்கும் தப்பு காதுல விழுந்தா எனக்கு அந்தக் கிழிக்கிற சத்தம்தான் கேக்குது. உங்க சீட்டு போகும்னு நினைக்கல. நானே அவர்கிட்ட பேசுறேன்."

"வேணாம் மேடம். நான் பேசுறேன்."

சொல்லிவிட்டேனே தவிர, சாயங்காலம் வரை டாக்டர் இருந்த பக்கமே போகவில்லை. டாக்டர் கிளம்பும் நேரத்தில் அவர் அறைக்குப் போனேன். அட்டையில் எதுவும் எழுதிக்கொண்டு போகவில்லை.

"சார், ஐ வான்ட் தட் சேர்," என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். விட்டால் நின்றுபோகும் என்று தொடர்ந்தேன். "மிஸ்டேக் வில் கம், சார். பேஷண்ட் ஆல்ஸோ வில் கம்."

அவர் கையில் இருந்த பையைக் கீழே வைத்தார். போனில் என்னென்ன மொழி பேச முடியும் என்று கேட்டார். கன்னடம், தமிழ், தெலுங்கு, கொஞ்சம் உருது என்று விரல் மடக்கினேன். அப்படியானால் ஏன் நாலாவது ரிங் வரை விடுகிறாய் என்றார். பயத்தில் என்று கன்னடத்தில் சொன்னேன். முதல் ரிங்கில் எடு, வேறு பெண்ணைத் தேடவில்லை என்று சொல்லிவிட்டு வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டார்.

இப்போது எடுத்ததும் ஹலோ சொல்லி, எதிர்முனையின் குரலைக் கேட்டு, அவர்கள் மொழிக்கே போய்விடுகிறேன். ஆங்கிலம்தான் வேண்டும் என்பவருக்கு, எனக்குத் தெரிந்த ஆங்கிலம்.

அந்த அம்மா கடைசி நாளில் ஊன்றுகோல் இல்லாமல் நடந்து வந்தார். விடைபெறும் நேரத்தில் போன் அடித்தது. எடுத்தேன். ஆங்கிலக் குரல். "யூ கம் டுமாரோ மார்னிங் ஒன்லி," என்று சொன்ன பிறகுதான் அவர் நிற்பது நினைவுக்கு வந்தது. அவர் முகம் சுருங்கத்தான் செய்தது. அதோடு சிரித்துக்கொண்டே, மழை வருவதற்குள் கிளம்புவதாகத் தமிழில் சொல்லிவிட்டுப் படியில் இறங்கினார்.