ஜெயிலில் காலைச் சாப்பாடு

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது அப்பா எங்களை ஒரு ஜெயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். பள்ளி விடுமுறையைக் கழிக்க. மெல்பேர்னிலிருந்து இரண்டு மணித்தியாலத் தூரத்தில், ஒருகாலத்தில் தங்கம் தோண்டிய ஊர் அது. குடித்துவிட்டுச் சண்டை பிடித்தவர்களையும், குதிரை களவெடுத்தவர்களையும், கப்பலில் வந்திறங்கி வரி கட்டாத சீனர்களையும் அதற்குள் அடைத்து வைத்தார்களாம். பிறகு பல காலம் பூட்டிக் கிடந்து, இப்போது விடுதியாகியிருந்தது. கைதிகள் நடந்த முற்றத்தில் குடை விரித்த மேசைகள். கைதிகள் கிடந்த அறைகளில் வெள்ளை விரிப்புப் போட்ட கட்டில்கள்.

எங்களோடு சித்தப்பாவும் வந்திருந்தார். அப்பாவின் தம்பி. சில மாதங்களுக்கு முன்புதான் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தவர். அதுவரை எங்கே இருந்தார் என்று கேட்டதற்கு, கிறிஸ்மஸ் தீவில் என்று அம்மா சொல்லியிருந்தார். அப்படிப்பட்ட தீவிலிருந்து வந்தவர் எனக்கு ஒரு பரிசுகூடக் கொண்டுவரவில்லையே என்று எனக்கு அவர்மேல் கொஞ்சம் மனத்தாங்கல்.

பழைய கட்டடங்கள் என்றால் அப்பாவுக்கு உயிர். கல்லுச் சுவரைத் தட்டிக் காட்டினார்.

"பார், இடிச்செறியாமல் எவ்வளவு வடிவாப் பாவிக்கிறாங்கள்."

"ஓம் அண்ணை," என்றார் சித்தப்பா.

அம்மா அப்பாவை ஒரு பக்கமாக இழுத்து, "உங்களுக்கு வேற இடமே கிடைக்கேல்லையோ?" என்று கேட்டது என் காதில் விழுந்தது. எனக்கு விளங்கவில்லை. படிக்கட்டு, சோப்பு, துவாய் எல்லாம் நன்றாகத்தானே இருந்தன.

சித்தப்பா தன் அறை வாசலிலேயே நின்றார். "அண்ணை, இந்தக் கதவு உள்ளுக்காலயும் பூட்டுமோ?"

அப்பா கொண்டியைக் காட்டினார். சித்தப்பா உள்ளே போய்ப் பூட்டினார், திறந்தார், மறுபடி பூட்டினார். விளையாட்டாக்கும் என்று நினைத்து நானும் வெளியே நின்று கதவைத் தட்டினேன். "ஆரது?" என்பார். "நான்தான்." "வாங்கோ," என்று திறப்பார். தேத்தண்ணிக்குக் கூப்பிடும்வரை இதையே விளையாடினோம். அவர் சலிக்கவேயில்லை.

மறுநாள் காலை சாப்பாட்டு மண்டபத்தில் விடுதிக்காரப் பெண் கோப்பியோடு வந்தாள். எங்களிடம் கேட்டதுபோலவே சித்தப்பாவிடமும் அறை இலக்கத்தைக் கேட்டாள்.

சித்தப்பா சட்டென்று எழுந்து நின்றார். கைகளை உடம்போடு ஒட்டிவைத்து, நிலத்தைப் பார்த்தபடி, "ஜே.ஆர்.எல். சீரோ போர்ட்டி வன்," என்றார்.

அவள் சிரித்தாள். அப்படியோர் அறை தங்களிடம் இல்லையே என்றாள். அப்பா அவசரமாக, எங்கள் அறைக்குப் பக்கத்து அறை என்றார். அவள் போய்விட்டாள். சித்தப்பா நின்றுகொண்டேயிருந்தார். "இரடா," என்று அப்பா தோளைத் தொட்ட பிறகுதான் உட்கார்ந்தார்.

படகில் தஞ்சம் கேட்டு வந்தவர்களை அந்தத் தீவின் தடுப்பு முகாமில் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, படகின் எழுத்தையும் அவரவர் இலக்கத்தையும் சொல்லித்தான் கூப்பிடுவார்கள் என்று நான் அறிந்தது பல்கலைக்கழகம் போன பிறகு. அன்றைக்கு எனக்குத் தோன்றியதெல்லாம், பாவம், சித்தப்பாவுக்கு அறை மாறிப்போய்விட்டது என்பதுதான். மெல்ல நழுவி, மேலும் கீழுமாக ஒவ்வொரு கதவாகப் பார்த்துக்கொண்டு ஓடினேன். எழுத்துப் போட்ட கதவே கிடையாது.

மூச்சிரைக்கத் திரும்பி வந்தேன். "சித்தப்பா, அப்பிடி ஒரு அறை இங்க இல்லை."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "வடிவாப் பாத்தனீங்களோ?"

"ஓம். எல்லாக் கதவும் பாத்திட்டன்."

"அப்ப சரி," என்றவர், பாணை எடுத்து ஜாம் பூசத் தொடங்கினார்.

அம்மா கோப்பையை வைத்துவிட்டு எழுந்து முற்றத்துக்குப் போனார். இல்லாத அறையைத் தேடி அடுத்தவர் கதவுகளை எல்லாம் பார்த்ததற்குத்தான் கோபம் என்று நினைத்து, மன்னிப்புக் கேட்கப் பின்னாலேயே போனேன். நான் வாய் திறக்குமுன் அம்மா என்னை இழுத்து இறுக்கிக் கட்டிக்கொண்டார். கோபம் வந்தால் அம்மா அப்படிச் செய்வதில்லையே. நான் எதற்கு மன்னிப்புக் கேட்பதென்று தெரியாமல் அப்படியே நின்றேன்.